வீட்டுக்குள்ள மட்டும் ஓடுற கதிரை

"விளையாடுறதுக்கெல்லாம் அரசாங்கம் கதிரை வாங்கிக் குடுக்கவேணும் எண்டு வெளிக்கிட்டால், நாங்கள் கட்டுற வரிக்காசு எங்க காணும்?"

இப்படிக் கேட்டவர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அண்ணை. லண்டனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். கெட்டவர் இல்லை. ஊரில் ஆருக்கும் கஷ்டம் என்றால் முதல் ஆளாய்க் காசு போடுகிறவர்தான். ஒரு சாமத்தியவீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டார். அவர் கேட்டது என் அக்காவின் மகனைப் பற்றி. அவன் பக்கத்து மேசையில் இருந்தான். அவனுக்குத் தமிழ் வடிவாக விளங்கும் என்பதைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். கதிரையில் இருக்கிறவனுக்குக் காதும் கேளாது என்று நினைப்பு.

மண்டபத்தில் சண்டை பிடிக்கக்கூடாது என்று பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் இது அந்த அண்ணை ஒருவரின் கதை இல்லை. இதே கேள்வியை வேறு வார்த்தையில், நல்ல மரியாதையான ஆங்கிலத்தில், கடிதத் தலைப்போடு இந்த நாட்டு அதிகாரிகளும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெடியனைப் பற்றி. 2009 இல் வன்னியில் செல் விழுந்தபோது அவனுக்கு ஐந்து வயது. முதுகில் பாய்ந்த சிதறு துண்டு முள்ளந்தண்டைத் தொட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தகப்பன் முதலே இங்கே வந்து அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்ததால், சில வருடங்களில் தாயும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை அவனைக் கூடைப்பந்துக்குக் கொண்டுபோய் விட்டார். அதோடு ஆள் மாறிவிட்டான். அதுவரை ஒருவரோடும் கதையாத பிள்ளை. இரவில் படுக்கை நனைந்து அழுகிற பிள்ளை. பயிற்சிக்குப் போகத் தொடங்கி ஆறு மாதத்தில் வீட்டில் தமக்கையோடு வாய் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டான். அக்கா அதைப் பெரிய மருந்தாகச் சொல்லுவா.

சின்ன வயதில் ஒரு தொண்டு நிறுவனம் அவனுக்கு அளவெடுத்து நல்ல பாரமில்லாத கதிரை கொடுத்தது. ஆள் வளர, கதிரை சிறுத்துவிட்டது. பதினெட்டைத் தாண்டினபிறகு பெரியவர்களுக்கான சக்கர நாற்காலிச் சேவையில் மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். கேள்விகளைக் கேளுங்கள்.

படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போக ஏலுமா? ஏலும். சமையலறைக்கு? ஏலும். வாசலுக்கு? ஏலும். அதோடு கேள்வி முடிந்தது. அவன் தானாகவே சொன்னான்: "நான் கிழமைக்கு மூண்டு நாள் பயிற்சிக்குப் போறனான். பஸ்ஸில. கொலிஜுக்கும் நானே உருட்டிக்கொண்டுதான் போறனான்." அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னா, அது நல்ல விசயம், ஆனால் அது பொழுதுபோக்கு, எங்கள் கணக்கில் வராது.

கிடைத்தது பதினெட்டுக் கிலோ வரும் இரும்பு மடிப்புக் கதிரை. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்குமே, அந்த வகை. அவன் வயதுப் பெடியன் ஒருவன் தானே தள்ளி ஓடக்கூடிய, மடங்காத அலுமினியச் சட்டக் கதிரை அதன் அரைவாசிப் பாரம்தான் வரும். விலை இரண்டாயிரம் பவுணைத் தாண்டும். விளையாட்டுக்கு என்று செய்கிற கதிரை வேறு, அதற்கு இன்னொரு விலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பதினெட்டுக் கிலோவுக்கும் ஒன்பது கிலோவுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிறவர்கள், ஒரு அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை இருந்து பாருங்கள். கதிரையைத் தள்ளுவது கை இல்லை, தோள். நடக்கிறவனுக்குக் கால் செய்கிற வேலையை எல்லாம் இவனுக்குத் தோள் செய்கிறது. கட்டிலுக்கு ஏறுவதும் தோள், காருக்கு மாறுவதும் தோள், மேட்டில் ஏறுவதும் தோள். நெடுங்காலம் கைக்கதிரை பாவிக்கிறவர்களுக்குத் தோள் நோவு வருவது வைத்தியர்களுக்குத் தெரிந்த பழைய விசயம். பாரம் குறைந்த கதிரை, பின்சில்லின் அச்சு ஆளின் உடம்புக்கு ஏற்ற மாதிரிக் கொஞ்சம் முன்னுக்கு, இரண்டும் தோளைக் காப்பாற்றும் என்பதும் அவர்கள் புத்தகத்தில் உள்ளது. இரும்புக் கதிரையில் அந்த அச்சை நகர்த்தவே ஏலாது. நாற்பது வயதில் தோள் போனால் இவனுக்கு மின்சாரக் கதிரை, வீட்டுக்கு ஆள், சத்திரசிகிச்சை. அதெல்லாம் யார் காசு? அண்ணை, அதுவும் உங்கட வரிக்காசுதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1996 இலிருந்து வவுச்சர் முறை ஒன்று இருந்தது. என்.எச்.எஸ். தரவிருந்த கதிரையின் பெறுமதியை வவுச்சராகத் தந்து, மிச்சத்தை நீங்கள் போட்டு நல்லதை வாங்கலாம். 2019 டிசம்பர் 2 ஆம் திகதியிலிருந்து அதன் இடத்தில் "தனிநபர் சக்கர நாற்காலி பட்ஜெட்" சட்டப்படியான உரிமையாக வந்தது. கேட்க நல்லாக இருக்கிறது. மதிப்பீடு ஆளின் முழு வாழ்க்கையையும் பார்க்கவேண்டும், அவருடைய இலக்கு என்ன என்று கேட்கவேண்டும், வேறு இடங்களிலிருந்து வரும் காசையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் வழிகாட்டியில் எழுதியிருக்கிறார்கள்.

சூட்சுமம் எங்கே என்றால், அந்த பட்ஜெட்டின் தொகை, உங்களுக்கு என்ன தேவை என்று அவர்கள் முடிவெடுத்தார்களோ அதற்குரிய கதிரையின் விலையை வைத்துத்தான் வரும். உங்கள் தேவை "கழிப்பறை வரைக்கும்" என்று எழுதினால், தொகையும் கழிப்பறை வரைக்கும்தான். தெரிவு செய்கிற உரிமை உண்டு, தெரிவு செய்யக் காசில்லை. அதைவிட, யாருக்கு எந்தக் கதிரை என்கிற நிபந்தனைகளை அந்தந்தப் பகுதிச் சுகாதார அமைப்பே வகுக்கிறது. ஒரு பகுதியில் சுறுசுறுப்பான ஆளுக்குப் பாரமில்லாத கதிரை கிடைக்கும், இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி இருக்கிறவருக்குக் கிடைக்காது. தபால் இலக்கத்தைப் பார்த்துத் தோளுக்கு விலை வைக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மோட்டபிலிற்றி என்றொரு திட்டம் பலருக்குத் தெரியும். நடமாட்டத்துக்கான உயர்ந்த கொடுப்பனவு எடுக்கிறவர்கள் அதைக் கொடுத்துக் கார் எடுக்கலாம். கார் வேண்டாம் என்றால் ஸ்கூட்டர் எடுக்கலாம், மின்சாரக் கதிரை எடுக்கலாம். சொந்தக் கையால் உருட்டுகிற கதிரை எடுக்க ஏலாது! மோட்டார் பூட்டினால் நடமாட்டம். கையால் தள்ளினால் அது என்ன? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அதே அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரிகள் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியில், மாற்றுத்திறனாளிகளான பெரியவர்களும் கிழமைக்கு 150 நிமிடம் உடம்பு வேர்க்க இயங்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லது. எதில் இருந்துகொண்டு? நடக்கிற ஆளுக்குச் சீனி வருத்தம் வந்தால் ஜி.பி. ஜிம்முக்கு எழுதித் தருகிறார். அங்கே ஓடுகிற இயந்திரத்தைப் பொழுதுபோக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை, அது சிகிச்சை. கதிரையில் இருக்கிறவன் வேர்த்தால் மட்டும் அது பொழுதுபோக்கு.

கவுன்சிலைப் பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம், பிடிக்கத்தான் வேணும். 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், யார் உதவிக்குத் தகுதியானவர் என்று பார்க்கிற விதிகள் 2015 இல் நடைமுறைக்கு வந்தன. ஒருவர் செய்ய முடியாமல் இருக்கிற காரியங்களின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. சாப்பாடு, குளிப்பு, உடுப்பு என்று போய், ஊரில் உள்ள வசதிகளைப் பாவிப்பது என்கிற இடத்தில் பொதுப் போக்குவரத்தையும் பொழுதுபோக்கு வசதிகளையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அதாவது, மதிப்பீட்டு அறையில் சிரித்துக்கொண்டு தள்ளிவிட்ட அதே பொழுதுபோக்கு, சட்டப் பட்டியலில் சாப்பாட்டோடும் குளிப்போடும் ஒரே வரிசையில் நிற்கிறது. நடைமுறையில் நடப்பது: கவுன்சிலைக் கேட்டால் கதிரை என்.எச்.எஸ். வேலை என்பார்கள். என்.எச்.எஸ்.ஸைக் கேட்டால் விளையாட்டு எங்கள் வேலை இல்லை என்பார்கள். நடுவில் பெடியன் பதினெட்டுக் கிலோவைத் தள்ளுகிறான்.

சரி, விளையாட்டுக் கதிரைக்கு வருகிறேன். அன்றாடக் கதிரை விளையாட்டுக் கதிரை இல்லை. கூடைப்பந்துக் கதிரையின் பெரிய சில்லுகள் கீழே விரிந்து மேலே சரிந்து நிற்கும், சட்டென்று திரும்புவதற்கும் மோதலில் பிரளாமல் இருப்பதற்கும். பின்னால் ஒரு சின்னச் சில்லு, மல்லாக்க விழாமல் இருக்க. முன்னால் இடிதாங்கி. இடுப்புக்குப் பட்டி. இது உடம்போடு ஒட்டவேண்டிய சாமான். கழகங்கள் இரவல் தரும், அதற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிடவேணும். ஆனால் இரவல் கதிரை இன்னொருவனின் இடுப்புக்குச் செய்தது. உணர்வில்லாத தோலில் ஒரு விளிம்பு உரசினால் அவனுக்குத் தெரியாது. இரவு உடுப்பு மாற்றும்போது இரத்தத்தைக் கண்டுதான் தெரியும். அப்படி வந்த ஒரு புண்ணுக்காக இவன் ஏழு கிழமை குப்புறப் படுத்துக் கிடந்தான். அந்த ஏழு கிழமையும் வீட்டுக்குத் தாதி வந்து போனா. அந்தச் செலவுக்கு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. புண்ணுக்குக் காசு உண்டு, புண் வராமல் இருக்கக் காசில்லை.

விளையாட்டு ஆடம்பரம் என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. இந்த நாட்டிலேயே நடந்தது. லுட்விக் குட்மன் என்று ஒரு வைத்தியர். ஜெர்மனிய யூதர். நாசிகளிடம் தப்பி 1939 இல் குடும்பத்தோடு இங்கே வந்தவர். அகதி, எங்களைப் போல. 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கான பிரிவை அவர் பொறுப்பில் தொடங்கினார்கள். அதுவரை அப்படிக் காயப்பட்டவர்களை ஒரு மூலையில் போட்டுவிட்டுச் சாவைப் பார்த்திருப்பதுதான் வழக்கம். படுக்கைப் புண்ணிலும் சிறுநீரகக் கிருமியிலும் போய்விடுவார்கள். இவர் வந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் நோயாளியைத் திருப்பிப் போடச்சொன்னார். பிறகு கையில் தடியைக் கொடுத்துக் கதிரையில் இருந்தபடி போலோ விளையாட விட்டார், பந்து எறியவிட்டார், அம்பு எய்யவிட்டார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் பதினாறு பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், அம்பெய்தல் போட்டியில் இறங்கினார்கள். பராலிம்பிக் என்று இன்றைக்கு உலகம் பார்க்கிறதே, அதன் வேர் அதுதான். 1960 இல் ரோமில் ஏறத்தாழ நானூறு பேர்.

குட்மன் விளையாட்டைக் கொடுத்தது ஆட்களைச் சந்தோசப்படுத்த மட்டும் இல்லை. அது அவருக்கு வைத்தியம். கையும் நெஞ்சும் பலப்படும், ஆள் சாகிற எண்ணத்தை விடுவான், வேலைக்குப் போவான். ஒரு ஆஸ்பத்திரிக்குள் மருந்தாகப் பிறந்த சாமானை, எண்பது வருடம் கழித்து அதே சுகாதார சேவை "எங்கள் கணக்கில் வராது" என்கிறது.

இன்னொன்றும் சொல்லவேணும். இன்றைக்கு நல்ல கதிரை என்று எதைச் சொல்கிறோமோ, அதுவும் துடியான ஆட்களிடமிருந்துதான் வந்தது. 1933 இல் அமெரிக்காவில் எவரெஸ்ட் என்ற காயப்பட்ட சுரங்கப் பொறியியலாளரும் ஜெனிங்ஸ் என்ற நண்பரும் மடிகிற இரும்புக் கதிரையைச் செய்தார்கள். காருக்குள் வைக்கலாம் என்பது அப்போது பெரிய புரட்சி. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பெரிய மாற்றமே இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஹாங் கிளைடரில் பறந்து விழுந்து முள்ளந்தண்டு காயப்பட்டுக் கால் இயங்காமல் போன மரிலின் ஹமில்ட்டன் என்ற கலிபோர்னியாப் பெண், கிளைடர் செய்கிற இரண்டு நண்பர்களைப் பிடித்து, அதே அலுமினியக் குழாயில் தனக்கொரு கதிரை செய்விக்கிறா. பாரம் பழையதில் பாதி. நிறம் நிறமாக வேறு. அதுதான் குவிக்கி. அந்தப் பெண் "சமையலறைக்குப் போக ஏலுமா" என்ற கேள்வியோடு நின்றிருந்தால், இன்றைக்கு ஒருவருக்கும் பாரமில்லாத கதிரை இல்லை.

பதக்கம் எண்டால் மட்டும் எல்லாருக்கும் இனிக்கும். 2012 இல் லண்டனில் 120 பதக்கம், 2024 இல் பாரிஸில் 124 பதக்கம், உலகத்தில் இரண்டாம் இடம். மேலே ஏறினவனுக்கு லொத்தர்க் காசு வருகிறது, வரட்டும், நல்லது. ஆனால் ஏணியின் முதல் படியை வாங்கச் சொந்தக் காசு வேணும். பணக்காரப் பெற்றோர், அல்லது பேக் விற்றுக் காசு சேர்க்கிற ஒரு பள்ளிக்கூடம். அகதிப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. அகதி மனு முடிவாகாமல் இருக்கிறவருக்கு அந்த நடமாட்டக் கொடுப்பனவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிலும் ஒரு பயம். 2018 இல் அக்டிவிற்றி அலையன்ஸ் என்ற அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் கேட்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளில் கிட்டத்தட்ட அரைவாசிப்பேர், தாங்கள் கூடுதலாக இயங்குவதைக் கண்டால் பெனிபிற்றை வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுவதாகச் சொன்னார்கள். எங்கள் அக்காவுக்கும் அந்தப் பயம்தான். மகன் பந்து போடுகிற படத்தை முகநூலில் போடாதே என்பா. பிள்ளை ஓடினால் தண்டனை, கிடந்தால் காசு. வைத்தியர் ஓடு என்கிறார், அலுவலகம் ஓடாதே என்கிறது.

இனி எங்கட ஆக்களுக்கு. வெள்ளைக்காரனைப் பேசிவிட்டு எங்களை விட்டால் அது நேர்மை இல்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் ஒவ்வொரு கோடையும் மைதானம் எடுத்து விளையாட்டுப் போட்டி வைக்கின்றன. கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, அம்மாக்களுக்குத் தேசிக்காய் ஓட்டம். கதிரை ஓட்டம் ஒன்று எங்காவது கண்டீர்களா? கொட்டில் நிழலில் ஒரு மூலையில் இவனைக் கொண்டுபோய் விட்டு, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, "பாவம் பெடியன்" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். இருபது வயதைத் தாண்டின ஆளின் தலையை!

பிறகு வன்னிக்குக் கதிரை அனுப்புவது. இது செய்கிறவர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை. காயப்பட்டவர்களை மறக்காமல் இருப்பதே பெரிது. ஆனால் என்ன அனுப்புகிறோம்? மொத்தமாக வாங்கின, எல்லாம் ஒரே அளவான ஆஸ்பத்திரிக் கதிரை. மேடை போட்டு, மாலை போட்டு, கொடுத்தவர் பெயரைப் பின்பக்கத்தில் ஒட்டி ஒரு படம். உலக சுகாதார அமைப்பு 2008 இலேயே வழிகாட்டி எழுதிவிட்டது: ஆளை அளந்து, அவர் இருக்கிற நிலத்தைப் பார்த்து, பொருத்தி, பழக்கி, பிறகும் போய்ப் பார்க்கவேணும் என்று. அளவில்லாத கதிரை உதவி இல்லை, புண். வன்னி மணலில் முன்சில்லு புதைந்தால் ஆள் குப்புற விழுவான். அங்கே முன்னுக்கு நீண்ட, மூன்று சில்லுக் கதிரைதான் ஓடும். பத்துப் பேருக்கு மலிவுக் கதிரை கொடுக்கிற காசில் மூன்று பேருக்குச் சரியானதைக் கொடுங்கள். படத்தில் ஆள் குறைவாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மேடைக் கதிரையும் இந்த மதிப்பீட்டு அறையில் தந்த கதிரையும் ஒரே கதிரை என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் கொடுக்கிறவன் நினைக்கிறது ஒன்றுதான்: இவர் இருந்தால் போதும்.

கடைசியாக, இதே அலுவலில் அலைகிறவர்களுக்குச் சில விசயம். மறுப்பை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். உங்கள் பகுதியின் தகுதி நிபந்தனைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள், அதில் "சுறுசுறுப்பான பாவனையாளர்" என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது ஒரு கிழமையில் எங்கெங்கே போகிறீர்கள், எத்தனை தரம் காருக்கும் பஸ்ஸுக்கும் ஏறி இறங்குகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். "விளையாட்டு" என்ற சொல்லுக்கு முன் "தோள்" என்ற சொல்லையும் "புண்" என்ற சொல்லையும் வையுங்கள், அவை அவர்களுக்கு விளங்கும். தனிநபர் பட்ஜெட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், தாங்களாகச் சொல்லமாட்டார்கள். கவுன்சிலில் பராமரிப்பு மதிப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள். சொந்தப் பாவனைக்கு வாங்குகிற கதிரைக்கு வற் வரி இல்லை, கடைக்காரன் போட்டால் கழிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் மறுபரிசீலனை மனு போய் ஐந்து மாதம். "கிடைத்தது" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அதற்கிடையில் எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. இரண்டு கோரிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கோடை விளையாட்டுப் போட்டியில் கதிரை ஓட்டம் ஒன்று நிரலில் வரவேணும். வருடச் சேமிப்பில் ஒரு பங்கு, மேடையும் படமும் இல்லாமல், ஒரு பிள்ளைக்கு அளவெடுத்த விளையாட்டுக் கதிரைக்குப் போகவேணும். வழிமொழிய ஒரு ஆள் தேவை. அந்த அண்ணையிடமும் கேட்டிருக்கிறேன். யோசிச்சுச் சொல்லுறன் என்றிருக்கிறார்.